காலண்டர் பார்த்துக் கொடுத்த மாத்திரை

முருகன் துணை

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
26-2-2026, வியாழக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அப்பா ரத்னவேல் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை மதி, நேற்று டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, பேனா முனையை வைத்துக் காட்டிச் சொன்ன சுகம். அங்கே நீயும், மாப்பிள்ளை சுரேந்தரும், எட்டு மாதமாக உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மனிதரும் நன்றாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டேன். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அம்மாவின் நுரையீரலில் இருந்த கட்டி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது! மருந்து ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த படத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல், நேற்றுக் காட்டியதில் இரண்டுகூட இல்லை. புதிதாக வேறெங்கும் எதுவும் முளைக்கவில்லை. அதே மாத்திரையை அதே அளவில் தொடரலாம் என்றார். அதோடு விட்டதா? எனக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள், மகளுக்குத் தலைப்பிரசவம், கனடாவுக்குப் போகலாமா என்று. அவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார், இதயத்துக்கு எடுத்த படத்தைப் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொல்லி முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு "கேன் ஆன்ட்டி, கேன் கோ" என்றார். அவ்வளவுதான் மதி, நாங்கள் வருகிறோம்! மார்ச் இருபதாம் தேதி விமானம் ஏறுகிறோம், ஆறு வாரம் இருப்போம். பிரசவ நேரத்தில் உன் அம்மா உன் பக்கத்தில் இருப்பாள்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கையால் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று கேட்பாய். முதல் காரணம், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான்தான் மகளிடம் சொல்வேன், அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். வாயைத்தானே திறக்கக் கூடாது என்றாள், எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஞாயிறு வரைக்கும் நான் எங்கே தாங்குவது? நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன், அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் எதிர் வீட்டு ரத்தினம்மாவிடம் சொன்னேன், அவர் கேசரி கிண்டி அனுப்பினார். ஆக மகளைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்றால் நன்றாகவா இருக்கும்? நீ ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டு நன்றாகக் கத்திவிடு, உனக்குச் சின்ன வயதிலிருந்தே நடிக்க வராது, இந்த ஒரு முறை அப்பாவுக்காக முயற்சி செய். இரண்டாவது காரணம்தான் பெரிய காரணம். ஒரு விஷயத்தை உன்னிடம் நான் மறைத்துவிட்டேன். அதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அம்மா வாயால் நீ கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்னால் என்னை நன்றாகக் காட்டத்தான் சொல்வாள். அவள் இப்போது கீழே தேக்கா சந்தைக்குத் தனியாகப் போயிருக்கிறாள், பன்னிரண்டாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கித் தானாகவே போய்விட்டு வருகிறாள் இப்போதெல்லாம். வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

அக்டோபரில் அம்மாவுக்கு வயிறு சரியில்லை, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். அம்மாவை அந்த நிலைக்குக் கொண்டுபோனவன் நான்தான். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் வெல்டிங் சூப்பர்வைசராக இருந்தவன் உன் அப்பா. அங்கே ஒரு விதி உண்டு, விபத்து நடக்கவில்லை, நடக்க இருந்தது, தப்பித்தோம் என்றாலும் அதை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். நியர் மிஸ் ரிப்போர்ட் என்போம். யார் செய்தது, எப்படி நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்வது என்று அதில் இருக்கும். என் கீழே வேலை பார்த்தவர்களிடம் எத்தனையோ எழுதி வாங்கியிருக்கிறேன், ஒளித்தவனை விரட்டி விரட்டித் திட்டியிருக்கிறேன். இப்போது என்னுடையதை நீ படி.

ஆகஸ்டில் மருந்து கொடுத்தபோது நீ அங்கே திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊசி கிடையாது, தலைமுடி கொட்டாது, வீட்டிலேயே தினம் ஒரு மாத்திரை, அம்மாவின் கட்டியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைத்துத் தாக்கும் மருந்து என்று டாக்டர் விளக்கினார். ஒரு சிகரெட்டைத் தொடாதவளுக்கு இது எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு, இந்த வகை புகைக்காத பெண்களுக்கும் வருகிறது அங்கிள், காரணத்தைத் தேடி அலையாதீர்கள், மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள் என்றார். இரண்டு விதியைத் தாளில் அச்சடித்தே கொடுத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். வெறும் வயிற்றில், அதாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது. எல்லா மாத்திரைக்கும் இதே விதி இல்லையாம், சிலதைச் சாப்பாட்டோடு போடலாமாம், அம்மாவுக்குக் கொடுத்தது இப்படி. நான் தலையை ஆட்டினேன், புரிந்தது என்று கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? நம் சுவரில் தொங்குகிறதே தினசரிக் காலண்டர், அதில் நல்ல நேரம் பார்த்தேன்.

சிரிக்காதே. நீயே சொல்வாய், அப்பா ரிட்டையர் ஆன பிறகு காலண்டருக்கு அடிமையாகிவிட்டார் என்று. உண்மைதான். பட்டறையில் இருந்தவரை கம்பெனி பஸ் வரும் நேரம்தான் என் நல்ல நேரம், ராகு காலத்தில் கிரேன் தூக்காதே என்றால் எவன் கேட்பான்? அதெல்லாம் சேர்த்து வைத்து இப்போது பார்க்கிறேன், ஃபிரிட்ஜ் வாங்கினால் பார்க்கிறேன், முடி வெட்டப் போனால் பார்க்கிறேன். உன் அம்மா சரசு உயிர் விஷயம், அதற்குப் பார்க்காமல் விடுவேனா? முதல் மாத்திரையை ஒரு வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குக் கொடுத்தேன். முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் தொல்லை இல்லை. மறுநாள் பத்தே முக்கால் ராகு காலத்தில் வந்தது, எனக்கு மனசு ஒப்பவில்லை. காலண்டரைப் பார்த்து ஒன்பதேகாலுக்குக் கொடுத்தேன். சனி, ஞாயிறு ஏழே முக்கால். திங்கள் ஆறேகால். புதன் மறுபடி ஒன்பதேகால். அம்மா முதல் வாரமே கேட்டாள், "என்னங்க, மருந்துக்குமா ராகு காலம்? அவங்க ஒரே டைம்ன்னு சொன்னாங்களே" என்று. நான்தான் "நாள் ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதான் சொன்னாங்க, காலையிலதானே குடுக்கிறேன், நல்ல நேரத்துல உள்ள போனா நல்லா வேலை செய்யும், பேசாம முழுங்கு" என்று அதட்டினேன். அவள் பயந்து போயிருந்த நேரம் அது, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல அவளுக்கும் இருந்திருக்கும், பேசாமல் விழுங்கினாள். அவள் எட்டரைக்குப் பசியாறுகிறவள். நேரம் ஒன்பதேகால் என்றால் மூன்று இட்லி அப்போதுதான் உள்ளே போயிருக்கும். இரண்டு மூன்று நாள் காலை நேரம் தவறி மாலை நாலே முக்காலுக்குக் கொடுத்தேன், டீயும் வடையும் முடித்த கையோடு.

செப்டம்பரில் முகமெல்லாம் பரு வந்தது. அது வரும், மருந்து வேலை செய்கிறது என்றுகூட அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், களிம்பு கொடுத்திருந்தார்கள். உன் அம்மா கண்ணாடியைப் பார்த்து, "பதினாறு வயசுல வராதது இப்ப வருது, மறுபடியும் பொண்ணு பார்க்க வர்றீங்களா" என்று கேலி செய்துகொண்டுதான் இருந்தாள். அக்டோபரில் கேலி நின்றுவிட்டது. முகம், நெஞ்சு, முதுகு எல்லாம் வெந்தது போலச் சிவந்து போனது. விரல் நக ஓரம் வெடித்து ஊசியைப் பிடிக்க முடியவில்லை, இருபத்தைந்து வருஷம் தேக்கா சந்தை மேல் மாடியில் ரவிக்கை தைத்த கை. வயிற்றுப்போக்கு ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. ஒரு காலையில் பாத்ரூமிலிருந்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்து சலைன் ஏற்றினார்கள். மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். உடம்பு தாங்கவில்லை போலிருக்கிறது, அளவைக் குறைத்துப் பார்ப்போம், அதுவும் முடியாவிட்டால் வேறு வழி யோசிப்போம் என்றார் டாக்டர். அவர் வெளியே போனதும் உன் அம்மா என்னிடம் சொன்னாள், "போதும்ங்க. எனக்கு வேணாம் இந்த மாத்திரை. இருக்கிற நாளாவது மனுஷியா இருந்துட்டுப் போறேன். பேரப்பிள்ளைய போட்டோவுல பார்த்துக்கிறேன்." மதி, நான் எத்தனையோ கப்பலின் அடித் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறேன், அன்றைக்குப் பயந்தது போல் எங்கேயும் பயந்ததில்லை. அன்று மாலைதான் நீ போன் செய்தாய். அம்மா தூங்குகிறாள், வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அடுத்த நாள் மருந்தாளர் ஒரு பெண் வந்தாள், ஷமீமா என்று பெயர், நம் தமிழ்ப் பெண்தான், உன் வயது இருக்கும். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எந்த நேரம், கூட என்ன சாப்பிடுவீர்கள், நாட்டு மருந்து ஏதாவது உண்டா, நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கு ஒரே பெருமை. எல்லாத்துக்கும் ரிகார்டு இருக்கும்மா என்றேன். உன் அப்பா பட்டறைக்காரன் இல்லையா, ஒவ்வொரு நாளும் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் நேரம், என்ன சாப்பிட்டாள், மாத்திரை ஒன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கிளிப்பில் கோத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். "9.20, இட்லி 3, மாத்திரை 1, ர.வே." "4.50, டீ, வடை 2, மாத்திரை 1, ர.வே." முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. "அங்கிள், ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டைம்?" என்று கேட்டாள். நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன், இன்னும் பெருமையாகவே. அவள் கட்டில் ஓரத்தில் இருந்த மேசையை இழுத்து, தாள்களை இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்தாள். வெறும் வயிற்றில் போட்டது ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு மேல் போட்டது ஒரு பக்கம். பிறகு அம்மாவிடம் எந்த எந்த நாள் அதிகக் கஷ்டம் என்று கேட்டாள். அம்மா போனில் குறித்து வைத்திருந்தாள். அவ்வளவும் இரண்டாவது வரிசையை ஒட்டிய நாட்கள். இந்த மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பில் ஏற வேண்டிய அளவைவிட ரொம்ப அதிகமாக ஏறுமாம். ஒரு நாள் ஒரு மாத்திரைதான் கொடுத்தேன், ஆனால் அவள் உடம்புக்குக் கிடைத்தது ஒரு மாத்திரை அளவு இல்லை. அதோடு செவ்வாய் காலை ஏழே முக்கால், முந்தின மாலை நாலே முக்கால் என்று இரண்டு நெருங்கி வந்த நாளும் இருந்தது. என் கையெழுத்து அத்தனை தாளிலும் இருந்தது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "அங்கிள், நீங்க எழுதி வச்சீங்க பாருங்க, அதுதான் லா, ஆன்ட்டிய காப்பாத்துச்சு. எழுதாம இருந்தா மருந்து ஒத்துக்கலன்னு நெனச்சு நல்ல மருந்த நிறுத்தியிருப்பாங்க" என்றாள். டாக்டரிடம் பேசினாள். உடம்பு தேறியதும் அதே அளவில் மறுபடி ஆரம்பிப்போம், வாரா வாரம் பார்ப்போம் என்று முடிவானது. பிறகு அவள் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டாள், "ஆன்ட்டி, தினமும் உங்க வயிறு காலியா இருக்கிற நேரம் எது?" என்று. அம்மா யோசிக்கவேயில்லை, காலை ஆறு மணி என்றாள். ஆறு என்றால் ஆறு, ஞாயிறும் ஆறு, தீபாவளியும் ஆறு. வரும் வழியில் ரயிலில் உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இட்லி மூணுன்னு கணக்கு வேற" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவு. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சொன்னாள், "நீங்க எனக்குக் கெடுதல் நெனச்சு செய்யல, எனக்குத் தெரியும். ஆனா இனிமே என் மாத்திரை என் கையில. நீங்க மாத்திரை அட்டையில காலியான இடத்த மட்டும் பார்த்தா போதும்." நான் சரி என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் நான் சரி சொன்னது அதுதான் முதல் தடவை என்று இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதிலிருந்து நம் வீடு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமே நீ! ஆறு மணிக்கு அவள் போனில் மணியடிக்கும், மாத்திரையை அட்டையிலிருந்து அப்போதுதான் பிரிப்பாள், முன்கூட்டியே எடுத்து டப்பாவில் கொட்டி வைப்பதில்லை, உடைப்பதில்லை, மெல்லுவதில்லை, ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுசாக. ஏழு மணி வரை காப்பி வாசனைகூட அவள் பக்கம் வரக் கூடாது, நான் பாவம் அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது, வாந்தி எடுத்துவிட்டாலும் இன்னொன்று போடக் கூடாது, போன் செய்து கேட்க வேண்டும் என்று ஷமீமா சொன்னதை அம்மா பாடமாகச் சொல்கிறாள். வெயிலில் போனால் குடை, முகத்துக்குக் களிம்பு. பரு இன்னும் கொஞ்சம் வந்து போகிறது, வயிறும் எப்போதாவது தகராறு செய்யும், பொய் சொல்லவில்லை. ஆனால் தாங்குகிற மாதிரி. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு டான் அம்மா வழக்கம் போல இரண்டு பொமெலோ பழம், நம் பம்பளிமாஸ்தான், கொண்டுவந்து கொடுத்தார், அந்தப் பழமும் இந்த மருந்துக்கு ஆகாதாம், அளவை ஏற்றிவிடுமாம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விளக்கிச் சொன்னாள், அவர் அடுத்த நாள் ஆரஞ்சு கொண்டுவந்துவிட்டார், அதையும் ஷமீமாவிடம் கேட்ட பிறகுதான் தொட்டாள். அப்துல் கஃபார், என்னோடு பட்டறையில் இருந்தவர், உனக்குத் தெரியுமே, அவர் யாரோ கொடுத்ததாக ஒரு மூலிகைப் பொடி கொண்டுவந்தார். நல்ல மனுஷன், என்ன சொல்வது? "பாய், இந்த வீட்ல நல்லெண்ணத்துல செஞ்சதே போதும்" என்றேன், அவருக்குக் கதை தெரியும், சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படி. மாத்திரை எட்டு வாரத்துக்கு வாங்குகிறோம், இரண்டு வாரத்துக்கு அதிகம், பனியில் விமானம் நின்றாலும் கவலையில்லை. பெட்டியில் போடமாட்டோம், அம்மாவின் கைப்பையில், பெயர் ஒட்டிய அதே டப்பாவில், டாக்டர் கடிதத்தோடு வரும். விமானத்தில் எத்தனை நாட்டைத் தாண்டினாலும் என் கைக்கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில்தான் ஓடும். நீங்கள் அங்கே மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவீர்களாமே, அந்தக் கணக்கையும் போட்டுவிட்டோம், இங்கே காலை ஆறு என்றால் உங்கள் ஹாலிஃபாக்ஸில் முந்தின நாள் மாலை ஏழு. நேரத்தை மாற்றி உடம்பைக் குழப்ப வேண்டாம், அங்கேயும் ஏழு மணிக்கே போடட்டும் என்று ஷமீமா சொல்லிவிட்டாள். ஆகவே உன் வீட்டில் டீயும் பலகாரமும் ஐந்து மணிக்கு முன் முடிந்துவிட வேண்டும், இரவுச் சாப்பாடு எட்டரைக்கு. நீ பிள்ளைத்தாய்ச்சி, உனக்குப் பசித்தால் நீ சாப்பிடு, எங்களுக்காகக் காத்திருக்காதே. அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, புதிதாக இருமலும் காய்ச்சலும் வந்தாலோ, கண் வலித்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ, சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பக்கத்தில் எது, வண்டியில் எவ்வளவு நேரம் என்று மாப்பிள்ளை இப்போதே பார்த்து வைக்கட்டும். அம்மா தேக்காவில் ஒரு பனிக்கோட்டு வாங்கிவிட்டாள், ஊதா நிறம், வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பார்க்கிறாள், இந்த வெயிலில்! நகம் ஆறிவிட்டது. பிள்ளைக்கு மெல்லிய பருத்தியில் முடிச்சுப் போடுகிற சட்டை பதினொன்று தைத்துவிட்டாள், பன்னிரண்டாவது மிஷினில் இருக்கிறது. மிஷின் சத்தம் மறுபடியும் வீட்டில் கேட்கிறது மதி, நான் டிவியை அணைத்துவிட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். இது குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. மருந்து கட்டியை அடக்கி வைத்திருக்கிறது, ஒரு நாள் கட்டி இந்த மருந்துக்குப் பழகிவிடலாம், அப்போது வேறு மருந்து பார்க்க வேண்டும், சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்குப் பல வருஷம் என்றார். அம்மாவும் பக்கத்தில் இருந்துதான் கேட்டாள். திரும்பி வந்ததும் மே மாதம் அடுத்த படம் எடுப்பார்கள். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் மார்ச்சும் ஏப்ரலும் நமக்குக் கிடைத்திருக்கிறது, நான் இதை அதிகமாக எண்ணிக் கெடுக்கப் போவதில்லை. உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தினமும் போன் எடுத்ததும் மாத்திரை போட்டாயா என்றுதான் முதலில் கேட்கிறாய். அன்பில்தான் கேட்கிறாய், தெரியும். போன வாரம் போனை வைத்துவிட்டு அம்மா சொன்னாள், "எல்லாரும் மாத்திரையத்தான் விசாரிக்கிறாங்க, என்னை யாரும் விசாரிக்கல" என்று. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் முதல் ஆள் நான்தான். அவள் அங்கே நோயாளியாக வரவில்லை, பிள்ளை பெறப்போகும் மகளைப் பார்க்க அம்மாவாக வருகிறாள். முதுகு வலிக்கிறது என்று அவளிடம் சொல், பயமாக இருக்கிறது என்று சொல், என்னிடம் சொல்லாமல் மறைக்கிறாயே அதையெல்லாம் அவளிடம் சொல். மிளகு ரசம் வைத்துக் கொடு என்று நச்சரி. அவளுக்கு அலுப்பு வந்தால் அவளே உட்கார்ந்துகொள்வாள், நீ உட்கார வைக்காதே.

லிஃப்ட் சத்தம் கேட்கிறது, அவள்தான் வருகிறாள் போலிருக்கிறது, முடிக்கிறேன். நான் செய்த தப்புக்கு நீ கோபப்பட்டால் இரண்டு நாள் பேசாமல் இரு, அம்மா கொடுத்த தண்டனையும் அதுதான், அதற்கு மேல் வேண்டாம் அம்மா, அப்பா தாங்கமாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப் போகும் செல்வமும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சுகத்தோடும் இருக்க வேண்டும், உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், தினமும் முருகன் முன்னால் நின்று உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். பனியில் வழுக்கும், பார்த்து நட. கடைசியாக ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். போன ஜூலையில் உன்னை வழியனுப்ப சாங்கி விமான நிலையத்துக்கு வந்தபோது அம்மா பத்தடி நடக்க முடியாமல் வீல்சேரில் இருந்தாள், நீ உள்ளே போகும் வரை அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே போனாய். நேற்று டிக்கெட் போட்ட பெண் வீல்சேர் வேண்டுமா என்று கேட்டாள், நான் பதில் சொல்லுமுன் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் ஹாலிஃபாக்ஸில் கதவு திறக்கும்போது வீல்சேர் வருகிற பக்கம் தேடிக்கொண்டு நிற்காதே மதி, நடந்து வருகிறவர்களைப் பார்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அப்பா,
ரத்னவேல்